வளைவில்தான் இருக்கிறது பிரேக்

பனியே விழாத நாட்டில் பிறந்தவர்களுக்குப் பனிச்சறுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியிலேயே பதில் கிடைத்துவிட்டது. தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியக் கொடி முதன்முதலாக அணிவகுத்தது. சென்றவர்கள் இருவர். பனித்தரை நடனத்தில் ஜூலியன் யீ, மலைப் பனிச்சறுக்கில் ஜெஃப்ரி வெப். நான்கு ஆண்டுகள் கழித்து, 2022-இல் பெய்ஜிங்கில், வெப் மறுபடியும் களம் கண்டார். அவருடன் அருவின் சாலேஹுடின் என்ற பதின்ம வயதுப் பெண்ணும் இறங்கினார். குளிர்கால ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் மலேசியப் பெண் அவர்தான்.

வெப்பும் அருவினும் இறங்கிய போட்டிகளின் பெயர் ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம். மலைச்சரிவில் வரிசையாகக் கம்பங்களை நட்டு வைத்திருப்பார்கள். வலம், இடம், வலம், இடம் என்று அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஸ்லாலத்தில் ஒரு திருப்பத்துக்கும் அடுத்த திருப்பத்துக்கும் இடையே 6 முதல் 13 மீட்டர்தான் இருக்கும். ஒரு கம்பத்தைத் தவறவிட்டாலும் ஆட்டம் முடிந்தது. நேராக யார் வேகமாக இறங்குகிறார் என்பதை விட, யார் நன்றாகத் திரும்புகிறார் என்பதே அங்கே பரீட்சை.

சரி, ஒலிம்பிக்குக்குப் போகாதவர்களுக்கு இதனால் என்ன பயன்? பயன் இருக்கிறது. ஆண்டிறுதி விடுமுறையில் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போகிற மலேசியக் குடும்பங்கள் பனிச்சறுக்கு மைதானத்தில் ஒரு நாளாவது இறங்காமல் திரும்புவதில்லை. மலாக்கா, செங் வட்டாரத்திலிருந்து அப்படி ஒரு குடும்பம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பன்னிரண்டு வயது மகள். மூன்று ஆண்டு சேர்த்து வைத்த வெள்ளி. ஐந்து நாள் பயணத்தில் இரண்டு நாள் பனிமலை.

முதல் நாள் காலையில் என்ன நடக்கும் என்பதைப் பனிமலையில் வேலை செய்யும் எந்தப் பயிற்சியாளரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். அப்பா சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு சின்ன மேட்டில் நிற்கிறார். பலகை தானாக நகர்கிறது. வேகம் ஏறுகிறது. கீழே நிற்கிற அம்மா, "பின்னால சாயுங்க, பின்னால சாயுங்க!" என்று கத்துகிறார். அவரும் பின்னால் சாய்கிறார். அந்த நொடியிலிருந்து பலகை அவர் பேச்சைக் கேட்பதில்லை.

அம்மா சொன்னது அன்பினால். ஆனால் பனியில் அதைவிடத் தவறான ஆலோசனை கிடையாது.

பிரேக் எங்கே?

பனிச்சறுக்குப் பலகையில் பிரேக் என்று ஒன்று இருக்கிறது. காலணி கழன்று போனால் பலகை மட்டும் தனியே மலையிறங்கி ஓடி யாரையும் குத்திவிடாமல் இருக்க, இரண்டு சிறு கொம்புகள் கீழே இறங்கிப் பனியைக் குத்தி நிறுத்தும். அது பலகைக்குப் பிரேக், சறுக்குகிறவருக்கு அல்ல. மனிதருக்கு உள்ள ஒரே பிரேக், திரும்புவது.

இதைப் புரிந்துகொள்ளச் சிறு கணக்கு போதும். மூன்று மாடிக் கடைவீட்டின் உயரம் ஏறக்குறைய 10 மீட்டர். அந்த அளவு உயரத்தைச் சரிவு வழியே நேராக இறங்கினால், உராய்வும் காற்றும் தடுக்காத பட்சத்தில், அடியில் வந்து சேரும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். உராய்வு கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. தாமான் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓடும் வேகம் அது. அந்த வேகத்தில் வாழ்க்கையில் முதன்முறையாகப் பனியில் நிற்கிற ஒருவர், கையில் இரண்டு குச்சியோடு வருகிறார்.

நீரை ஊற்றினால் எந்தக் கோட்டில் ஓடி இறங்குமோ அந்தக் கோட்டில் பலகையும் ஓடப் பார்க்கும். இதை நீர்வழிக் கோடு என்று வைத்துக்கொள்ளலாம். பலகையின் முனை அந்தக் கோட்டில் இருக்கும்வரை வேகம் ஏறும். கோட்டை விட்டு விலகி மலைக்குக் குறுக்காக வந்தால் வேகம் ஏறுவது நிற்கும். இன்னும் கொஞ்சம் மேல்நோக்கித் திரும்பினால் ஆளே நின்றுவிடுவார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. மேட்டுப் பகுதியில் செம்பனைக் குலைகளை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்குகிறவர் நேராக இறக்குவதில்லை. நேராக விட்டால் வண்டி ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். மேட்டுக்குக் குறுக்காகச் சென்று, வளைத்து, மறுபடி குறுக்காகச் சென்று இறக்குவார். பனிமலையில் நடப்பதும் அதே கதைதான்.

ஆகவே கற்றுக்கொள்கிறவர் செய்யும் முதல் பிழை, திருப்பத்தைப் பாதியில் விட்டுவிடுவது. முனை நீர்வழிக் கோட்டைத் தாண்டியதும் அப்பாடா என்று அடுத்த பக்கம் திரும்பிவிடுகிறார்கள். முதல் திருப்பத்தில் கழிய வேண்டிய வேகம் கழியாமல் இரண்டாவதில் சேர்கிறது. இரண்டாவதின் மிச்சம் மூன்றாவதில். ஐந்தாவது திருப்பத்தில் ஆள் கட்டுப்பாட்டில் இல்லை. "திரும்பத் தெரிகிறது, ஆனால் வேகம் அடங்கவில்லை" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோரின் நோய் இதுதான். மருந்து, ஒவ்வொரு திருப்பத்தையும் முடித்துவிட்டு, மலைக்குக் குறுக்காக ஒரு மூச்சு விட்டு, பிறகு அடுத்ததைத் தொடங்குவது. எழுதினால் கோணல்மாணலான மின்னல் கோடாக இல்லாமல் 'ட'வும் இல்லாமல், உருண்டையான பாம்பு வளைவாக இருக்க வேண்டும்.

வெளிக் காலின் வேலை

முதல் நாளில் கற்றுத் தரப்படுவது ஆப்பு வடிவம். பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து வைப்பது. குழந்தைகளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மேல்நாட்டுப் பயிற்சியாளர்கள் இதைப் பீட்சாத் துண்டு என்பார்கள். இரண்டு பலகைகளின் உள்விளிம்பும் பனியைச் சுரண்டுவதால் வேகம் குறையும். மென்மையான சரிவில் இது போதும். சரிவு கொஞ்சம் நிமிர்ந்தால் தொடை எரியுமே தவிர ஆள் நிற்க மாட்டார்.

ஆப்பு வடிவத்திலிருந்தபடியே வலது காலில் எடையைக் கூட்டினால் என்ன ஆகும்? ஆள் இடப்பக்கம் திரும்புவார். இடது காலில் கூட்டினால் வலப்பக்கம். முதலில் கேட்கும்போது குழப்பமாக இருக்கும். வலது பலகை இடப்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எடை எந்தப் பலகையில் ஏறுகிறதோ அந்தப் பலகை பார்க்கும் பக்கம் உடல் போகிறது. அவ்வளவுதான் இதில் உள்ள சூட்சுமம். வளைவின் வெளிப்புறத்தில் இருக்கும் கால்தான் வளைவை நடத்துகிறது. ஒலிம்பிக் வீரர் ஆனாலும் முதல் நாள் மாணவர் ஆனாலும் இந்த ஒரு விதி மாறுவதில்லை.

மாறுவது மனசுதான். சரிவில் நிற்கிற மனித உடம்பு பள்ளத்தைப் பார்த்ததும் மேட்டுப் பக்கம் ஒதுங்கப் பார்க்கும். கோடிக்கணக்கான ஆண்டுப் பழக்கம் அது. ஆனால் மேட்டுப் பக்கம் சாய்ந்தால் எடை உள்காலுக்குப் போய்விடும். வெளிக்காலுக்குப் பனியில் பிடி இருக்காது. பலகை வழுக்கிக்கொண்டு கீழே ஓடும். பயந்து ஒதுங்கியவர்தான் முதலில் விழுகிறார். பள்ளத்தின் பக்கம் துணிந்து தோளைக் கொண்டுபோகிறவர் நிற்கிறார். பனிச்சறுக்கைக் கற்பது என்றால் பாதிக்கு மேல் இந்த இயற்கையான பயத்தோடு மல்லுக்கட்டுவதுதான்.

பின்னால் சாய்வதும் இதே பயத்தின் இன்னொரு உருவம். எடை குதிகாலுக்குப் போனால் பலகையின் முன்பகுதி லேசாகிவிடும். திரும்பத் தொடங்குவது முன்பகுதியால்தான். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரம் தரையில் படாமல் தூக்கிக்கொண்டால் ஹேண்டிலைத் திருப்பி என்ன பயன்? அதே நிலைமை. முழங்காலையும் கணுக்காலையும் மடக்கி, முன்னங்கால் எலும்பு பூட்ஸின் முன் நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அந்த அழுத்தம் தெரிகிறவரை ஆள் சரியான இடத்தில் இருக்கிறார். அழுத்தம் மறைந்த மறுகணம் பின்னால் போய்விட்டார் என்று பொருள். கண்ணாடி பார்க்காமலேயே தன்னைச் சோதித்துக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

செம்மண் சாலையும் செப்பாங்கும்

இனி உடம்பைச் சாய்க்கும் விதம். இங்கேதான் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய நம் இளைஞர்கள் தவறு செய்கிறார்கள். செப்பாங் பந்தயத் தடத்தில் வீரர்கள் வளைவுக்குள் உடலைத் தொங்கவிட்டு, முழங்காலைத் தரையில் உரசிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பார்கள். அதே பாவனையில் பனியிலும் தோளை உள்ளே போட்டால் எடை உள்காலில் விழுந்து, ஆளும் விழுவார்.

செப்பாங்கை மறந்துவிட்டு, தோட்டத்துச் செம்மண் சாலையை நினைத்துக்கொள்வது நல்லது. பொடிக்கல் சிதறிக் கிடக்கும் வளைவில் பழகிய கை என்ன செய்யும்? வண்டியை மட்டும் தனக்குக் கீழே சாய்க்கும். உடம்பு நிமிர்ந்தே இருக்கும். எடை வெளிப்பக்கத்துக் கால்மிதியில் இருக்கும். சக்கரம் மண்ணைக் கவ்வுவதற்கு அந்த எடைதான் துணை. பனியும் பொடிக்கல்லைப் போலப் பிடி குறைந்த தரை. அதனால் கால்களும் இடுப்பும் வளைவின் உள்ளே சாய, மார்பும் தோளும் வெளிப்பக்கம், பள்ளத்தை நோக்கியே இருக்க வேண்டும். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் உடம்பு இடுப்பில் ஒடிந்தது போலத் தெரியும்.

பரதம் கற்ற பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அரைமண்டியில் இருந்துகொண்டு, மேல் உடம்பு அசையாமல், கால் மட்டும் வேலை செய்வது அவர்களுக்குப் பழக்கம். ஒரே வித்தியாசம், அரைமண்டியில் முழங்கால்கள் வெளியே விரியும். சறுக்கும்போது அவை பலகை போகும் திசையையே பார்க்க வேண்டும். நாட்டியம் பயின்ற மகள் இரண்டாம் நாள் அப்பாவை முந்தினால் யாரும் ஆச்சரியப்படத் தேவையில்லை.

பலகைக்கும் இடுப்பு உண்டு

மேலிருந்து பார்த்தால் சறுக்குப் பலகை நேர்க்கட்டையாக இருப்பதில்லை. முன்முனை ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் அகலம் என்றால், காலணி நிற்கும் நடுப்பகுதி 7 சென்டிமீட்டர்தான். பின்முனை மறுபடி 10 சென்டிமீட்டர் ஆகும். உடுக்கை மாதிரி இடை சிறுத்திருக்கும். இந்தப் பலகையை விளிம்பில் சாய்த்து நிறுத்தி எடையை ஏற்றினால், நடுப்பகுதி பனியைத் தொடும்வரை பலகை வளையும். வளைந்த விளிம்பு வட்டத்தின் ஒரு துண்டு. அந்த வட்டத்திலேயே பலகை ஓடும். சறுக்குகிறவர் திருப்ப வேண்டியதில்லை. சாய்த்தால் போதும், பலகையே திரும்பிக்கொள்ளும். இதைத்தான் 'கார்விங்' என்கிறார்கள், பனியைச் செதுக்கிச் செல்வது.

எவ்வளவு சாய்க்கிறாரோ அவ்வளவு வளைவு இறுகும். 13 மீட்டர் ஆரம் உள்ள ஸ்லாலம் பலகையை 60 பாகை சாய்த்தால், அது வெட்டும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், 12 மீட்டர் ஆரமுள்ள வளைவில் செல்லும் 70 கிலோ மனிதரின் கால்கள் தாங்குவது சுமார் 81 கிலோ. சமாளிக்கலாம். அதே வளைவை 60 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் ஏறக்குறைய 180 கிலோ. வேகம் இரு மடங்கானால் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்ற பள்ளிக்கூட இயற்பியல்தான். அதையும் பெரும்பாலும் ஒரே காலில் தாங்க வேண்டும். தொலைக்காட்சியில் பார்க்கும்போது பஞ்சாகப் பறப்பது போலத் தெரியும் வீராங்கனையின் தொடை ஏன் அப்படித் திரண்டிருக்கிறது என்பதற்கு விளக்கம் இங்கே இருக்கிறது.

இடை சிறுத்த பலகை நார்வேயின் தெலமார்க் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. மோர்கெடால் என்ற ஊரைச் சேர்ந்த சோண்ட்ரே நோர்ஹெய்ம் அத்தகைய பலகையில், குதிகாலையும் சேர்த்துக் கட்டும் கட்டோடு, 1868-இல் தலைநகருக்கு வந்து வென்று காட்டினார். ஸ்லாலம் என்ற சொல்லே சரிவில் விழும் தடம் என்ற பொருளுடைய நார்வீஜியச் சொல். ஆனாலும் ஆல்ப்ஸ் மலையின் செங்குத்துச் சரிவுகளில் எப்படி அடக்கி இறங்குவது என்பதை ஆராய்ந்தவர் ஆஸ்திரியாவின் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி. 1905 மார்ச்சில் லீலியன்ஃபெல்டில் கம்பங்கள் நட்டு ஒரு போட்டி நடத்தினார். கம்பம் நட்ட முதல் போட்டி அதுதான் என்பார்கள். பிறகு வந்த ஹன்னஸ் ஷ்னைடர், ஆப்பு வடிவத்தில் தொடங்கி இணைப்பலகைத் திருப்பத்தில் முடியும் படிப்படியான பாடத்தை ஆர்ல்பெர்க் மலையில் வகுத்தார். இன்று கொரியாவில் நம் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித் தரப்படுவது பெரும்பாலும் அந்தப் பாடத்தின் பேரப்பிள்ளைதான். அந்த மனிதரை 1938-இல் நாஜிகள் சிறைப்பிடித்தார்கள். 1939-இல் அமெரிக்கா போய் அங்கே கற்றுக்கொடுத்தார்.

பெரிய மாற்றம் வந்தது 1993-இல். ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் இடையை நன்றாகச் சிறுக்கவைத்த பலகையைக் கொண்டுவந்தது. அதுவரை ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கற்ற திருப்பம், வாரக்கணக்கில் வசப்பட ஆரம்பித்தது. கடையில் வாடகைக்குப் பலகை எடுக்கும்போது நீளமானதைக் கேட்டு வாங்குவது கௌரவம் என்று நினைப்பவர்கள் உண்டு. கற்கும் காலத்தில் குட்டையான, இடை சிறுத்த பலகையே துணை.

கற்கும் முறை

ஆப்பு வடிவத்தில் திரும்ப வந்துவிட்ட பிறகு என்ன செய்வது? பலரும் அங்கேயே தேங்கிவிடுகிறார்கள். அடுத்த படிக்குக் கொண்டுபோகும் பயிற்சிகளில் மிகச் சிறந்தது ஒன்று உண்டு. மென்மையான சரிவில் குறுக்காகச் செல்லும்போது, மேட்டுப் பக்கத்துப் பலகையின் பின்பகுதியைச் சற்றே பனியிலிருந்து தூக்குவது. முன்முனை தரையிலேயே இருக்கட்டும். ஒற்றைக் காலில் மூன்று நொடி போக முடிந்தால் எடை சரியான காலில் இருக்கிறது. முடியவில்லை என்றால் எவ்வளவு நன்றாகத் திரும்புவதாகத் தோன்றினாலும் எடை உள்காலில்தான். குறுக்காகச் செல்லும்போது கைவந்ததும், திருப்பத்தின் இறுதியில் அதையே செய்து பார்க்கலாம். அப்புறம் திருப்பத்தின் நடுவில். இந்த ஒரு பயிற்சியை இரண்டு நாள் செய்தாலே ஆப்பு தானாக ஒடுங்கி, பலகைகள் இணையாக வந்துவிடும். இணையாக வைக்க வேண்டும் என்று முனைந்தால் வராது.

தோளைச் சுழற்றித் திரும்புகிற பழக்கம் உள்ளவர்கள் இரண்டு கைக்கோல்களையும் தட்டு ஏந்துவது போல முன்னே கிடையாகப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பார்க்கலாம். கோல் எப்போதும் பள்ளத்தை நோக்கியே இருக்க வேண்டும். அது கூடவே சுழன்றால் தோள் சுழல்கிறது. கால்தான் திரும்ப வேண்டும்.

கண் எங்கே பார்க்கிறது என்பதும் முக்கியம். பலகை முனையைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறவர் வளைவு முடியும்போதுதான் அடுத்ததை நினைப்பார். இரண்டு திருப்பத்துக்கு அப்பால் பார்வை போக வேண்டும்.

இவற்றில் சிலவற்றைச் செங்கிலேயே தொடங்கலாம் என்பதுதான் நல்ல செய்தி. ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ரோலர் காலணியை மலைச்சறுக்கு வீரர்களே கோடையில் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறார்கள். விளிம்பைச் சாய்த்து வளைவது, வெளிக்காலில் எடை ஏற்றுவது இரண்டும் அதில் அப்படியே உண்டு. தலைக்கவசமும் முழங்கால் உறையும் போட்டுக்கொண்டு, வாகனம் வராத சமதளத் திடலில் பழகலாம். தாமான் சாலை வேண்டாம். வசதி உள்ளவர்கள் சன்வே பிரமிட் அல்லது புத்ராஜெயா ஐஓஐ சிட்டி மாலில் உள்ள பனித்தரைக்குப் போகலாம். ஒன்றும் முடியாதவர்களுக்குச் சுவர் இருக்கிறது. முதுகைச் சுவரில் சாய்த்து, நாற்காலி இல்லாமலேயே நாற்காலியில் உட்காருவது போல ஒரு நிமிடம். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. ஆறு வாரம் முன்னதாகவே தொடங்கினால், முதல் நாள் பிற்பகலில் தொடை நடுங்காது. துபாயில் வேலை செய்யும் உறவினர் இருந்தால் இன்னும் ஒரு வழி உண்டு. அங்கே 2005-இல் திறந்த உள்ளரங்கப் பனிமலையில் 400 மீட்டர் நீளச் சரிவு இருக்கிறது. வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே கற்கலாம்.

முழங்கால் விஷயம்

பெட்டியில் துணி அடுக்கும் அக்கறையில் பாதியை முழங்காலுக்கும் கொடுக்க வேண்டும். சறுக்குக் காலணி பலகையோடு ஒரு பூட்டினால் இணைக்கப்பட்டிருக்கும். விழும்போது குறிப்பிட்ட விசைக்கு மேல் போனால் பூட்டு கழன்று காலை விடுவிக்கும். அந்த விசையைக் கடைக்காரர் தீர்மானிப்பது, வாடிக்கையாளர் சொல்லும் எடை, உயரம், வயது, அனுபவம் ஆகியவற்றை வைத்து. எடையைச் சொல்ல வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்பவர்களும், அனுபவத்தைக் கூட்டிச் சொல்பவர்களும் தங்கள் காலோடு விளையாடுகிறார்கள். முதல் வகையில் பூட்டு தேவையில்லாத நேரத்தில் கழலும். இரண்டாவது வகையில் தேவையான நேரத்தில் கழலாது.

அந்தப் பூட்டு முதன்மையாகக் கீழ்க்கால் எலும்பைக் காக்க உருவானது. முழங்காலுக்குள் இருக்கும் தசைநாரை அது முழுமையாகக் காப்பாற்றாது. பின்னால் உட்கார்ந்தபடி விழும்போது, பள்ளத்துப் பக்கப் பலகையின் பின்பகுதி உள்விளிம்பில் மாட்டிக்கொண்டு நெம்புகோலாக மாறி முழங்காலைத் திருகிவிடும். பனிமலையில் தசைநார் அறுவதற்கு நன்கு அறியப்பட்ட காரணம் இது. அம்மாவின் "பின்னால சாயுங்க" என்ற கூவல் ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. விழப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால் கைகளை முன்னே கொண்டுவந்து, கால்களை ஒன்றுசேர்த்து, பக்கவாட்டில் விழுவதே மேல். பாதி விழுந்த நிலையில் எழுந்து நிற்க முயலவே கூடாது.

தலைக்கவசம் வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. செப்பாங்கில் மூன்று முறை வென்ற மைக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29-ஆம் நாள் பிரான்சின் மெரிபெலில், இரண்டு தடங்களுக்கு இடையே சீர்செய்யப்படாத பனியில் சென்று பாறையில் தலை மோதினார். தலைக்கவசம் அணிந்திருந்தும் காயம் அத்தனை கடுமையாக இருந்தது. கவசத்தோடு சேர்த்து, கட்டிய தடத்தை விட்டு வெளியேறாமல் இருப்பதும் தேவை.

தடங்களின் நிறத்தை நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு. ஐரோப்பாவின் பல நாடுகளில் நீலம் சுலபமான தடம். அமெரிக்காவில் அதே நீலம் நடுத்தரம். ஜப்பானில் பச்சைக்கு அடுத்தது சிவப்பு. போன இடத்தின் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அனைத்துலகப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் நடத்தை விதிகள் பத்து. அவற்றில் புதியவர் மறக்கக் கூடாதது, பின்னாலிருந்து வருகிறவர்தான் முன்னால் போகிறவரைக் காக்கும் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. கீழே இருக்கிறவருக்குத்தான் முன்னுரிமை. சாலையில் ஹாரன் அடித்து வழி கேட்கும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போகலாம். பயணக் காப்புறுதியில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்பதையும் கையெழுத்திடும் முன் படித்துப் பார்க்க வேண்டும்; எல்லாக் காப்புறுதியும் அதைச் சேர்ப்பதில்லை.

கடைசிக் கம்பம் வரை

திரும்புவது எவ்வளவு கடினம் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு பந்தயத்தை நினைவுகூரலாம். 2022 பிப்ரவரி 13, பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஆண்கள் ஜயண்ட் ஸ்லாலம். அன்று யாங்சிங் மலையில் கடும் பனிப்பொழிவு. அடுத்த கம்பமே மங்கலாகத்தான் தெரிந்தது. உலகின் தேர்ந்த வீரர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் இரண்டு சுற்றையும் முடிக்கவில்லை. இந்தியாவிலிருந்து அந்த ஒலிம்பிக்குக்குச் சென்ற ஒரே விளையாட்டாளர், காஷ்மீரின் குல்மார்க் சரிவுகளில் கற்ற ஆரிஃப் கான், முடித்தார். 45-ஆவது இடம். பட்டியலில் அது கடைசிப் பக்கம் போலத் தோன்றலாம். ஆனால் அன்று தவறவிடாமல் எல்லாக் கம்பத்தையும் சுற்றி வந்தவர்களில் அவர் ஒருவர். மூன்று நாள் கழித்து நடந்த ஸ்லாலத்தில் அவராலும் முடிக்க இயலவில்லை.

ஸ்லாலம் என்றால் இன்று முதலில் நினைவுக்கு வரும் பெயர் அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின். ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் வைத்திருந்த 86 உலகக் கிண்ண வெற்றிகள் என்ற சாதனையை 2023 மார்ச்சில் முறியடித்து, 2025 பிப்ரவரியில் நூறாவது வெற்றியைத் தொட்டவர். அவர் இறங்கும் காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தலையும் தோளும் ஏறக்குறைய ஒரே கோட்டில், அலுங்காமல் வருகின்றன. கீழே கால்கள் மட்டும் ஊசலாடுகின்றன. ஒவ்வொரு வளைவிலும் வெளிக்கால் நீண்டு நிற்கிறது, உள்கால் மடங்கிக் கிடக்கிறது. முதல் நாள் ஆப்பு வடிவத்தில் கற்ற அதே வெளிக்கால்.

செங் குடும்பத்தின் அப்பாவுக்கு அவ்வளவு தேவையில்லை. இரண்டாம் நாள் பிற்பகலில், நாற்காலிக் கம்பிவடத்தில் மேலே போகும்போது, தான் சற்று முன் இறங்கிய தடத்தை அவர் குனிந்து பார்க்கலாம். பனி அகலமாக வழிக்கப்பட்டிருந்தால் பலகை இன்னும் வழுக்குகிறது. பென்சிலில் கிழித்தது போல இரண்டு மெல்லிய கோடுகள் வளைந்து சென்றிருந்தால் விளிம்பு பிடித்துவிட்டது. ஒரு பக்கம் திரும்பும்போது கோடாகவும், மறுபக்கம் வழித்ததாகவும் இருப்பதுதான் பெரும்பாலும் காணக் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரு கால் சொன்னபடி கேட்கும், ஒரு கால் கேட்காது. கேட்காத காலுக்கு மூன்றாவது நாள் தேவைப்படும். விமானச் சீட்டு அதற்கு இடம் கொடுத்தால்.